ஈரப்பனிக்கு முன்பு திறக்க வேண்டிய பூட்டு

2018-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் பிற்பகலில், கனடாவின் லாப்ரடார் கடற்கரையிலுள்ள டிரேவர்ஸ் துறை என்ற சிற்றூரின் ஒரே செயற்கைக்கோள் இணைப்பு அறுந்தது. அறுந்ததற்குக் காரணம் "உள்ளூர்ப் பராமரிப்பாளர் டிஷ்ஷின் மீதிருந்த பனியை அகற்றத் தவறியமை" என்று இணைப்பை நடத்திய கம்பெனி எழுத்தில் பதிவு செய்தது. அந்தப் பராமரிப்பாளர் ஹுல்டா புரூம்ஃபீல்ட். அந்தப் பதிவு பொய் என்பது அவருடைய குற்றச்சாட்டு. வானிலைக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் இணைப்பை, மாற்றிக்கொள்ள முடியாதபடி பூட்டிவைத்தது கம்பெனியே என்பதும், அந்தப் பூட்டு இன்றுவரை திறக்கப்படவில்லை என்பதும், அடுத்த ஈரப்பனி விழும் நாளில் தம் கணவரின் உயிர் மறுபடியும் அதே பூட்டில் சிக்கும் என்பதும் அந்தக் குற்றச்சாட்டின் மற்றப் பகுதிகள்.

இதை அவர் பலமுறை எழுதி அனுப்பியிருக்கிறார். ஒவ்வொன்றின் நகலும், அஞ்சலகத்தார் கொடுத்த ஒவ்வொரு சீட்டும் சமையலறை அலமாரியில் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் தேதி வரிசைப்படி இருக்கின்றன. பதில் என்று சொல்லக்கூடிய தாள் ஒன்றுகூட அதில் இல்லை.

ஹுல்டாவின் தந்தை மீன்படகு வைத்திருந்தவர். படகுகளுக்கும் கரைக்கும் இடையே பேச ஒரு ரேடியோ இருந்தது. வீட்டில் அது அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கும். காற்று தெளிவாக இருக்கும் நாளில் அவர் படகிலிருந்து ஒரே மூச்சில் பேசிவிட்டு வைத்துவிடுவார். இரைச்சல் ஏறிவிட்டால் பேச்சே வேறாகிவிடும். ஒவ்வொரு சொல்லும் இருமுறை வரும். இடத்தின் பெயரென்றால் எழுத்து எழுத்தாக வரும். கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த சொல். எப்போது மெதுவாக்குவது என்பதைப் பேசுகிறவர் தாமாக முடிவு செய்வதில்லை. மறுமுனையில் இருப்பவர் "உன் குரல் உடையுதுப்பா" என்று சொல்ல வேண்டும். சொன்ன உடனே படகிலிருப்பவர் மெதுவாவார். இரைச்சல் தணிந்ததும் மறுபடி வேகமாவார். இதை அந்தக் கரையில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. பேசத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அது தெரிந்திருந்தது.

மீன் தொழிற்சாலையில் ஹுல்டா பல ஆண்டுகள் மீன் அறுத்தார். தொழிற்சாலை மூடிய பிறகு, மருத்துவ நிலையத்துக்குப் பின்னாலுள்ள பாறையில் கம்பெனி ஒரு டிஷ்ஷை நிறுத்திவிட்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஓர் ஆள் கேட்டது. பனியைத் துடைக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். திங்கட்கிழமை காலையில் டிஷ்ஷின் அடியிலிருக்கும் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தி, சிக்னல் எப்படியிருக்கிறது என்று அளவெடுத்து அனுப்ப வேண்டும். ஊரின் தொலைபேசியும், பள்ளிக்கூடமும், மருத்துவ நிலையமும் அந்த ஒரு டிஷ்ஷின் வழியாகத்தான் உலகத்தோடு பேசின.

துடைப்பதற்குக் கம்பெனி ஒரு பிளாஸ்டிக் தூரிகை அனுப்பியது. குளிரில் அதன் முடிகள் ஊசிபோல் விறைத்து டிஷ்ஷைக் கீறின. ஹுல்டா அதை ஓரமாக வைத்துவிட்டு, ரொட்டி மாவு உதிர்ந்த மேசையைப் பெருக்க வைத்திருந்த வாத்துச் சிறகை ஒரு நீளக் கம்பில் கட்டிக்கொண்டார். திங்கட்கிழமைகளில் அளவெடுப்பதற்கு முன்பு அந்தச் சிறகால் டிஷ்ஷைப் பளபளக்கத் துடைப்பார். கம்பெனி அப்படித் துடைக்கச் சொல்லவில்லை. ஆனால் டிரேவர்ஸ் துறையில் ஒருவர் பார்க்க வருகிறார் என்றால், அவர் வருவதற்கு முன் வாசற்படியிலுள்ள பனியைச் சீவிவிடுவார்கள். படியில் பனியிருக்க ஒருவரை உள்ளே வரச் சொல்வது வெட்கக்கேடு. திங்கட்கிழமை அளவின் வழியே கம்பெனி பார்க்க வருகிறது. சூறையடித்துக்கொண்டிருந்தால், அது ஓயட்டும் என்று காத்திருந்து, ஓய்ந்த பிறகே ஹுல்டா பொத்தானை அழுத்துவார்.

டிஷ்ஷை நிறுத்தியவர்கள் விட்டுச்சென்ற கையேட்டை அவர் ஒரு குளிர்காலம் முழுவதும் படித்தார். புரியாத இடங்களைத் தெற்கே நகரத்திலிருந்த மெரிடித் காஸ் என்ற இன்ஜினியரிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மெரிடித் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். அனுப்ப வேண்டிய செய்தியோடு இயந்திரம் வேறு சில எழுத்துகளையும் கணக்குப்படி சேர்த்து அனுப்புகிறது. வழியில் சில எழுத்துகள் சிதைந்தாலும், சேர்த்தனுப்பியவற்றை வைத்து, சிதைந்தவை எவையென்று மறுமுனை கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொள்கிறது. ஹுல்டா அவற்றுக்குக் காவலெழுத்து என்று பெயர் வைத்தார். காவலெழுத்து கூடினால் செய்தி மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேரும். குறைந்தால் பறக்கும், ஆனால் சிறு இரைச்சலுக்கும் உடையும். எந்நேரமும் ஒரே அளவாக அனுப்புவதில் பொருளில்லை. ஆகவே மறுமுனை, எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை இடைவிடாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டு இந்த முனை காவலெழுத்தைக் கூட்டும், குறைக்கும்.

"இது எங்கப்பா பேசற மாதிரியே பேசுது," என்றார் ஹுல்டா அன்று.

"உங்கப்பா இன்ஜினியரா?"

"காட் மீன் புடிச்சவர். உன்னைவிட நல்லாக் கத்துவார்."

அந்தக் கரையில் கடுங்குளிர் ஒரு தொல்லையே அல்ல. காய்ந்த பனி மாவுபோல டிஷ்ஷில் விழுந்து, அதுவாகவே சரிந்து போய்விடும். கெடுதல் செய்வது அக்டோபரிலும் நவம்பரிலும் கடலிலிருந்து வடகிழக்குக் காற்றோடு வரும் ஈரப்பனி. அது கஞ்சிபோல ஒட்டிக்கொண்டு சிக்னலை விழுங்கும். அந்த நாள்களில் பெட்டியின் பச்சை விளக்கு மஞ்சளாகும், இணைப்பு மெதுவாகும், ஆனால் அறுந்ததில்லை. மஞ்சள் விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் ஹுல்டாவுக்கு அடுப்புக்கு மேலே தொங்கிய ரேடியோவின் நினைவு வரும்.

2018 செப்டம்பரில் மஞ்சள் விளக்கு எரிவது நின்றுபோனது. நல்ல மழையில் பச்சையாக இருந்த விளக்கு நேராகச் சிவப்பாகி, இணைப்பே அறுந்தது. மழை விட்டதும் மறுபடி பச்சை. ஹுல்டா மெரிடித்தைக் கூப்பிட்டார்.

"என் பெட்டிக்கு என்ன வந்துது? மெதுவாகவே மாட்டேங்குது."

"மெதுவாக வேண்டாம்னு உத்தரவு, ஹுல்டா. ஒரே வேகத்துல பூட்டிட்டோம். காவலெழுத்து ரொம்பக் கம்மி."

"யாரு உத்தரவு?"

"மேனேஜர் ரூப். இவ்வளவு வேகம் தருவோம்னு சுகாதாரத் துறைக்காரங்களோட ஒப்பந்தம். வேகம் கொறஞ்சா கம்பெனி மேல தப்பு."

"அறுந்துபோனா?"

"அறுந்தா டிஷ்ல பனின்னு எழுதிக்கலாம். அது உள்ளூர்த் தப்பு. கம்பெனிக்கு ஒட்டாது."

"திக்கித் திக்கிப் பேசினா அடி, வாயே தொறக்கலேன்னா மன்னிப்பு. நல்ல நியாயம்டியம்மா."

"நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஹுல்டா மெரிடித்தின் பெயரைச் சொல்லாமல் ரூப்புக்கு எழுதினார். ஈரப்பனிக் காலம் தொடங்குவதற்கு முன் பூட்டை எடுத்துவிடும்படி அதில் கேட்டிருந்தார். பிஸ்கட் டின்னில் முதலில் கிடக்கும் நகல் அதுதான்.

நவம்பர் 23 அன்று ஹுல்டாவின் கணவர் கஸ்டாவ் புரூம்ஃபீல்ட் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடரிச் சத்தம் நின்றது, மறுபடி கேட்கவில்லை. ஹுல்டா எட்டிப் பார்த்தபோது அவர் விறகுக்கட்டையின் மேல் உட்கார்ந்து, சாம்பல் பூத்த முகத்தோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணுது?"

"யாரோ நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்கான். எறங்கச் சொல்லு."

பனிவண்டியில் அவரைப் போர்த்தி மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோனார். ஈரப்பனி அப்போதே பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் நோரீன் பைக் தெற்கே நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்காரி. ஊருக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். வயதில் மூத்தவர்களை அத்தை, மாமா என்று அழைக்கும் கரைப் பழக்கம் அவள் வாயில் அதற்குள் படிந்துவிட்டிருந்தது. இசிஜி எடுத்து, தாளைப் பார்த்துவிட்டு, அவள் ஹுல்டாவை வாசலுக்கு அழைத்தாள்.

"அத்தை, இது சரியா இல்ல. ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி எங்கிட்ட இருக்கு. ஆனா நகரத்து ஆஸ்பத்திரி டாக்டர் இந்தத் தாளைப் பாத்து, போடுன்னு சொன்னாத்தான் போடணும். மாமாவுக்குக் குடல்புண் வேற இருந்திருக்கு. தப்பாப் போட்டா ரத்தம் நிக்காது."

"அனுப்பு, அப்போ."

"அனுப்பறேன், போக மாட்டேங்குது. ஃபோனும் செத்துக் கிடக்கு."

உள்ளேயிருந்து கஸ்டாவ் குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் வெளிய போயி என்ன குசுகுசுக்கறீங்க? நான் இங்கதான் இருக்கேன். இன்னும்."

ஹுல்டா சிறகுக் கம்பை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறினார். ஏணியின் படிகளில் ஈரம் உறைந்திருந்தது. அவர் துடைத்தார், விளக்கு பச்சையானது. "இப்ப அனுப்பு!" என்று கத்தினார். நோரீன் ஜன்னல் வழியே கையாட்டினாள். ஹுல்டா ஏணியிலிருந்து இறங்குவதற்குள் டிஷ் மறுபடி வெள்ளையாகிவிட்டது, விளக்கு சிவந்தது. நோரீன் தலையை ஆட்டினாள். மறுபடி ஏறினார், துடைத்தார், பச்சையாயிற்று, சிவந்தது. பல முறை இப்படியே நடந்தது. ஒருமுறை தாளின் பாதி வரைக்கும் போய்விட்டது என்று நோரீன் கத்தினாள். அதன் பிறகு அதுவும் போகவில்லை. சிறகின் இறகுகள் கம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று காற்றோடு போயின.

ஏணியின் உச்சியில் நின்றபோது ஹுல்டாவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது ஒன்று உண்டு: அனுப்ப வேண்டியது ஒரே ஒரு தாள். ஒரு மனிதனின் நெஞ்சு துடித்ததைக் காட்டும் சில கோடுகள். அதற்கு அந்த வேகம் தேவையேயில்லை. போன வருடத்து மஞ்சள் விளக்கு எரிந்திருந்தால், காவலெழுத்துகள் புடைசூழ, ஊர்ந்து ஊர்ந்து, அந்தத் தாள் இந்நேரம் டாக்டரின் கையில் இருந்திருக்கும். அவர் கீழே இறங்கிப் பெட்டியின் முன் மண்டியிட்டு, ஈரக் கையால் அதன் இரும்புக் கதவில் அறைந்தார்.

"மெதுவாச் சொல்லு! மெதுவாச் சொல்லித் தொலையேன்!"

இருட்டத் தொடங்கியபோது காற்று மேற்கே திரும்பி, ஈரப்பனி நின்றது. தாள் போனது. மருத்துவமனையிலிருந்து டாக்டர் பேசினார். ஊசியை அப்போதே போட்டிருக்க வேண்டும் என்றும், நல்ல பலன் தரும் முதல் நேரம் கடந்துவிட்டதால் இனி குடல்புண் ரத்தம் கசியும் ஆபத்தே பெரிது என்றும் சொன்னார். நோரீன் தொலைபேசியை வைத்துவிட்டு, மருந்து அலமாரியைப் பார்த்தபடி நின்று அழுதாள். வானம் தெளிந்த பிறகு விமானம் வந்து கஸ்டாவைக் கொண்டுபோனது. அவர் பிழைத்தார். இதயத்தின் ஒரு பெரிய பகுதி செத்துப்போயிருந்தது.

ஜனவரியில் ரூப் நேரில் வந்தார். காலணியில் பனி படாதபடி நடக்கும் மனிதர். குரலில் குறையேதும் சொல்ல முடியாது.

"மிஸஸ் புரூம்ஃபீல்ட், அன்னைக்கு டிஷ்ல பனி இருந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருந்துச்சு. தொடச்சேன். திரும்ப ஒட்டுச்சு. திரும்பத் தொடச்சேன். நீங்க பூட்டாம இருந்திருந்தா—"

"பனி இருந்துச்சு."

"வானம் முழுக்க இருந்துச்சு. வானத்தையும் நான்தான் தொடைக்கணுமா?"

"இருந்துச்சுன்னு எழுதிக்கறேன்," என்றார் ரூப். எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்ததுதான் பதிவு. டிஷ் பெட்டியின் சாவியை ஹுல்டாவிடமிருந்து வாங்கி, பக்கத்துத் தெருவில் இருந்த மனாஸே லைலிடம் கொடுத்தார்கள்.

சிறிய ஊரில் ஒரு பதிவை யாரும் படித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஹுல்டா கடைக்குப் போனபோது, கல்லாவில் இருந்த ஃப்ரீடா சிரிக்காமல் சொன்னாள்: "அத்தை, புதுத் துடைப்பம் வந்திருக்கு. உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?" வரிசையில் நின்றவர்களில் ஒருவர் இருமினார், இருமல் சிரிப்பாக மாறியது. ஹுல்டா மாவையும் தேயிலையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதன் பிறகு கடைக்குப் போக வேண்டிய நாள்களில், ஃப்ரீடா சாப்பிடப் போகும் நேரம் பார்த்துப் போனார்.

கஸ்டாவ் வசந்தத்தில் திரும்பி வந்தார். வீட்டிலிருந்து படகுத்துறைவரை நடந்தால் வழியில் உட்கார வேண்டியிருந்தது. நெஞ்சுவலி இன்னொரு முறை வந்தால், அந்த ஊசியை உடனே போட்டால்தான் உயிர் உண்டு என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மருத்துவமனை இருக்கும் நகரத்துக்கே குடிவந்துவிடும்படியும் சொல்லியிருந்தார்.

"அங்க போயி நான் என்ன பண்றது? கார் நிறுத்தற எடத்துல எது எப்பக் கெளம்புதுன்னு வேடிக்கை பாக்கறதா?" என்றார் கஸ்டாவ். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

ஆகவே ஹுல்டாவுக்கு ஒரே வழிதான் மிஞ்சியது. ஈரப்பனி வருவதற்குள் பூட்டைத் திறக்க வைக்க வேண்டும். கம்பெனிக்கு எழுதினார். ஒப்பந்தம் போட்ட சுகாதாரத் துறை அலுவலகத்துக்கு எழுதினார். கம்பெனியிடம் கேட்கும்படி அலுவலகம் தொலைபேசியில் சொன்னது. அலுவலகத்திடம் கேட்கும்படி கம்பெனி தொலைபேசியில் சொன்னது. இரண்டு குரல்களும் மிகத் தெளிவாகக் கேட்டன. அது கோடைக்காலம்.

ஆகஸ்டில் மெரிடித் தானாகவே கூப்பிட்டாள்.

"உங்க எடத்துப் பூட்டைத் திறந்துவிடச் சொல்லி நானும் ரூப்கிட்டக் கேட்டுட்டுத்தான் இருக்கேன். ஒவ்வொரு தடவையும் அவர் உங்க திங்கக்கிழமை அளவையெல்லாம் மேசைமேல எடுத்துப் போடறார். வருஷக்கணக்கா ஒவ்வொண்ணும் தெளிஞ்ச வானம். இந்தக் கரையிலேயே உங்க எடம்தான் சுத்தம், ஹுல்டா. இவ்வளவு நல்ல எடத்துக்கு எதுக்குக் காவலெழுத்துங்கறார். மொதல்ல பூட்டினதே அதை வச்சுத்தான்."

"மஞ்சள் விளக்கு எரிஞ்சதெல்லாம்? பெட்டி தானா மெதுவானதெல்லாம் அதுக்கு நினைவிருக்குமே?"

"இருந்துச்சு. பூட்டினப்போ அழிஞ்சுபோச்சு. யாரும் எடுத்து வைக்கல. நானும்தான் எடுத்து வைக்கல."

தொலைபேசியை வைத்த பிறகு, அவ்வளவு துயரத்துக்கு நடுவிலும், ஹுல்டாவின் காதில் ஒரே ஒரு சொல் இனித்துக்கொண்டிருந்தது. தேநீரைக் கஸ்டாவின் முன் வைத்துவிட்டு அதைச் சொன்னார்.

"இந்தக் கரையிலேயே நம்ம எடம்தான் சுத்தமாம்."

கஸ்டாவ் சிரித்தார். சிரிப்புக்கு இப்போதெல்லாம் அவரிடம் போதிய மூச்சில்லை, ஆனாலும் சிரித்தார். "இருக்காதா பின்னே? திங்கக்கிழமையானா எனக்கு டீ போடறதுக்கு முன்னாடி அதுக்கு மூஞ்சி கழுவி, தலை சீவி, போட்டோவுக்கு நிக்கவச்சவளாச்சே நீ. நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட என்னை அப்படிக் கவனிக்கல."

ஹுல்டா தம் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியே பாறைமேலிருந்த டிஷ்ஷைப் பார்த்தார்.

மறுமுனை உண்மையைச் சொன்னால்தான் இந்த முனை சரியாகப் பேச முடியும் என்பது அவருக்கு யாரைவிடவும் நன்றாகத் தெரியும். இரைச்சலில் உடைந்த குரலை "நல்லாக் கேக்குது" என்று சொன்ன ஒருவனை அவருடைய தந்தை பிறகு ஒருநாளும் மன்னிக்கவில்லை. ஆண்டுக்கணக்காக, திங்கட்கிழமைதோறும், பனியைத் துடைத்துவிட்டு, சூறை ஓயும்வரை காத்திருந்து, நல்லாக் கேக்குது, நல்லாக் கேக்குது என்று கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அவர்தான். டிரேவர்ஸ் துறையில் ஈரப்பனி என்ற ஒன்றே இல்லை என்று எழுதிவைத்திருந்தது அவருடைய வாத்துச் சிறகு. வாசற்படியைச் சீவிவிட்டு விருந்தாளியை வரவேற்றார். விருந்தாளி, இந்த ஊரில் பனியே விழுவதில்லை என்று எண்ணிக்கொண்டு திரும்பிப் போனார்.

"என்னடி? விளையாட்டுக்குத்தானே சொன்னேன்?" என்றார் கஸ்டாவ்.

"எனக்குத் தெரியும்," என்றார் ஹுல்டா.

அன்று மாலையே அவர் மனாஸேயின் வீட்டுக்குப் போனார். மனாஸே படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். ஹுல்டாவைக் கண்டதும் கூச்சத்தோடு எழுந்து நின்றான்.

"உக்காருப்பா. ஒண்ணு கேக்கறேன். திங்கக்கிழமை அளவெடுக்கறதுக்கு முன்னாடி டிஷ்ஷைத் தொடைக்கறியா?"

"தொடைக்காம? நீங்க பண்ண மாதிரியேதான் பண்றேன் அத்தை. இன்னும் கூடவே பண்றேன்."

"இனிமே தொடைக்காத. பனியிருந்தா பனியோடவே அளவெடு. காத்தடிச்சா காத்தோடவே எடு. அளவெடுத்துட்டு அப்புறம் தொட."

மனாஸே தூரிகையைக் கீழே வைத்தான். "கோச்சுக்காதீங்க அத்தை. தொடைக்கலேன்னுதானே உங்களைத் தூக்கினாங்க? இப்ப நீங்களே வந்து தொடைக்காதேங்கறீங்க. எனக்கும் வீட்ல வயிறுங்க இருக்கு."

ஹுல்டா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவன் மரியாதையோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அடுத்த திங்கட்கிழமை காலையில், தூறலில், அவன் ஏணியில் ஏறி டிஷ்ஷைத் துணியால் துடைப்பது ஹுல்டாவின் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிந்தது. அவர்மீது விழுந்த பொய்ப்பழியே இப்போது இன்னொருவனை இன்னும் அழுத்தித் துடைக்க வைத்தது. துடைக்கத் துடைக்க அளவுகள் தெளியும். அளவுகள் தெளியத் தெளியப் பூட்டு இறுகும்.

செப்டம்பர் முழுவதும் அவர் எழுதவில்லை. டின்னைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் கஸ்டாவே கேட்டார்; ஹுல்டா சிறகு செய்ததையும், அதைக் கம்பெனிக்கு எழுத நினைப்பதையும் சொன்னார்.

"அதை எழுதாத," என்றார் கஸ்டாவ். "பூட்டைப் பத்தி எழுது. ரூப்பைப் பத்தி எழுது. சிறகைப் பத்தி ஏன் எழுதறே? கயித்தையும் அவன் கையில குடுத்துட்டுக் கழுத்தையும் நீட்டுவியா?"

"எழுதலேன்னா, திறந்தாலும் திரும்பப் பூட்டுவாங்க. மனாஸே தொடச்சிட்டேதான் இருப்பான். அளவு நல்லாத்தான் வந்துட்டிருக்கும்."

"கடைக்காரி மறுபடி துடைப்பம் காட்டுவா."

"காட்டட்டும்."

"என் நெஞ்சுக்காக உன் பேரைக் கெடுத்துக்காத ஹுல்டா. அது ஏற்கெனவே பாதி செத்தது."

"மீதி யாரோடது?" என்று கேட்டார் ஹுல்டா. கஸ்டாவ் மேசையிலிருந்த ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையால் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்.

அக்டோபரில், அஞ்சலும் கொண்டுபோகும் கரையோரக் கப்பல் அந்தப் பருவத்துக்குக் கடைசியாக வரும் நாளன்று காலையில், வடகிழக்குக் காற்று எழுந்தது. ஜன்னல் கண்ணாடியில் முதல் ஈரப்பனி அப்பி, வழிந்து, மறுபடி அப்பியது. பாறைமேல் டிஷ்ஷின் அடியிலிருந்த விளக்கு பச்சையிலிருந்து நேராகச் சிவப்புக்குப் போனது. மனாஸே துணியோடு ஓடி ஏணியில் ஏறினான். விளக்கு பச்சையானது, அவன் இறங்குவதற்குள் சிவந்தது. கஸ்டாவ் அடுப்பருகே உட்கார்ந்து, கம்பளிச் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். ஹுல்டா பார்க்கிறார் என்று தெரிந்ததும் பொத்தானைச் சரிசெய்வதுபோலக் கையை வெளியே எடுத்தார்.

கப்பலின் சங்கு கேட்டது. ஹுல்டா கடைசித் தாளை எழுதி முடித்து, நகலை டின்னில் வைத்து, மூலப் பிரதிகள் இரண்டையும் உறைகளில் இட்டார். கம்பெனிக்கும் சுகாதாரத் துறை அலுவலகத்துக்கும் ஒரே கடிதம். அதில் சிறகும் இருந்தது, மனாஸேயின் துணியும் இருந்தது. அதன் முடிவு பின்வருமாறு:

"மேற்சொன்னவற்றால், திங்கட்கிழமை அளவுகள் என் கையால் துடைக்கப்பட்ட டிஷ்ஷின் அளவுகளே அன்றி, இவ்வூர் வானத்தின் அளவுகள் அல்ல என்று தெரிவிக்கிறேன். இது என் பிழை. அளவெடுப்பதற்கு முன் துடைக்கலாகாது என்று எனக்கு யாரும் சொல்லாதது என் பிழை அன்று. அளவுகளை மட்டும் நம்பி, தானாக மெதுவாகும் திறனைப் பூட்டியதும், அத்திறனின் நினைவை அழியவிட்டதும், அறுந்தபோது பழியை என்மேல் எழுதியதும் என் பிழைகள் அல்ல. இக்கடிதம் எழுதும் நேரத்தில் ஈரப்பனி பெய்துகொண்டிருக்கிறது. இணைப்பு அறுந்து கிடக்கிறது. என் கணவர் வீட்டில் இருக்கிறார். ஆகவே கோருகிறேன்: பூட்டு உடனே திறக்கப்பட வேண்டும். இனி அளவுகள் மோசமான வானிலையில், துடைக்கப்படாத டிஷ்ஷில் எடுக்கப்பட வேண்டும். அப்படி எடுப்பதற்காக மனாஸே லைலை வேலையிலிருந்து நீக்கலாகாது. நவம்பர் 23-ஆம் நாள் பற்றிய பதிவு திருத்தப்பட வேண்டும். இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்பதைப் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் கையொப்பமும் இட்டு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொல்வதை நான் பதிலாக ஏற்க மாட்டேன். இங்கே பனி பெய்யும்போது அது கேட்பதில்லை. எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்."